ஸப்ரும் தராசும்: குழந்தைகளின் வலிப்புநோய்க்கு உணவே மருந்தான வரலாறு

ஒரு நோய்க்கு மக்கள் இடும் பெயரிலேயே, அந்நோயைப் பற்றி அவர்கள் கொண்டிருந்த எண்ணம் வெளிப்பட்டுவிடும். பேச்சு வழக்கில் நாம் ‘காக்காய் வலிப்பு’ என்று சொல்வது, ‘கால் கை வலிப்பு’ என்பதன் திரிபு என்பர். காகத்துக்கும் அந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழந்தமிழில் அதற்கு ‘முயலகன்’ என்றொரு பெயரும் உண்டு. கூத்தாடும் சிவபெருமானின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கும் பூதத்துக்கும் அதுவே பெயர். வடமொழியிலும் ‘அபஸ்மாரம்’ என்ற சொல் நோயையும் அந்தப் பூதத்தையும் ஒருங்கே குறிக்கும். கிரேக்கர் ‘பற்றிப் பிடித்தல்’ என்ற பொருளில் ‘எபிலெப்ஸியா’ என்றனர். அரபியில் இது ‘ஸரஉ’ எனப்படும். மற்போரில் எதிரியைத் தரையில் வீழ்த்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. மொழிகள் வேறாயினும் எண்ணம் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத ஒருவன் வந்து பிடிக்கிறான், வீழ்த்துகிறான் என்பதே அது.

அவனை விரட்ட மனிதர்கள் செய்யாத முயற்சி இல்லை. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள்; சூடு போட்டார்கள்; தகடு எழுதிக் கட்டினார்கள்; சங்கிலியால் பிணைத்தார்கள். எனினும், அதே பழங்காலத்திலிருந்து மற்றொரு செய்தியும் மெல்லிய இழையாக வந்துகொண்டிருந்தது. உண்ணாதிருக்கும் வேளையில் வலிப்பு அடங்குகிறது என்பதே அச்செய்தி. அந்த இழையைப் பற்றிச் சென்ற மருத்துவர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஓர் உணவுமுறையைக் கண்டார்கள். ‘கீட்டோஜெனிக் உணவுமுறை’ என்று அதற்குப் பெயர். அதன் வரலாற்றைச் சொல்வதும், அவ்வரலாறு நம்மீது சுமத்தும் கடமையை நினைவூட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் கண்டவை

கி.மு. 400ஐ ஒட்டிய காலத்தில் எழுந்தது, ஹிப்பாக்ரட்டீஸின் மரபைச் சேர்ந்த ‘புனித நோய்’ என்னும் கிரேக்க நூல். வலிப்பு தெய்வங்களின் சீற்றத்தால் வருவது என்று ஊரார் நம்பிய நாளில், மற்ற நோய்களைவிட இது எவ்வகையிலும் புனிதமானதன்று, இதன் பிறப்பிடம் மூளையே என்று அந்நூல் துணிந்து கூறிற்று. அம்மரபின் வேறொரு நூலில், வலிப்புற்ற ஒருவருக்கு உணவும் பானமும் அறவே நிறுத்தப்பட்ட செய்தி பதிவாகியுள்ளது. பின்னர் வந்த எராஸிஸ்ட்ராட்டஸ் என்ற மருத்துவரும் இந்நோயாளிக்குப் பட்டினியையும் குறைந்த உணவையுமே விதித்தார். காரணம் தெரியாமலே கண்டறியப்பட்ட மருந்து அது.

கிரேக்கரின் இவ்வறிவை அரபு மொழியில் ஏற்று வளர்த்தவர்கள் முஸ்லிம் மருத்துவ மேதைகள். அபூபக்ர் அர்ராஸீ (865–925) குழந்தைகளின் நோய்களுக்கென்றே தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். அதன் மூலம் நமக்குக் கிட்டவில்லை. லத்தீன் மொழிபெயர்ப்பே எஞ்சியுள்ளது. குழந்தைகளின் வலிப்பைப் பற்றியும் அதில் பேசப்படுகிறது. ‘உம்முஸ் ஸிப்யான்’ என்று பாமரர் ஒரு பெண் பேய்க்குச் சூட்டியிருந்த பெயரை, நோயின் பெயராக மாற்றி மருத்துவ நூலில் உட்காரவைத்த துணிவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்னு ஸீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் மூன்றாம் பாகத்தில், தலையின் நோய்களோடு ஸரஉவையும் சேர்த்து, மூளையின் அறைகளில் நேரும் அடைப்பே அதற்குக் காரணம் என விளக்கினார். அவ்விளக்கம் இன்று நிலைபெறவில்லை. ஆனால் காரணத்தை உடலுக்குள் தேட வேண்டும் என்ற நெறி நிலைத்துவிட்டது.

மார்க்க அறிஞர்களும் இதில் கண்மூடி இருக்கவில்லை. ஹாஃபிள் இப்னுல் கய்யிம் (1292–1350) ஸரஉவை இரு வகையாகப் பிரித்தார். ஒன்று தீய ஆவிகளால் வருவது. மற்றொன்று உடலின் நீர்மங்கள் கெடுவதால் வருவது. இரண்டாவதன் காரணத்தையும் சிகிச்சையையும் மருத்துவர் ஆராய்வர் என்றே அவர் எழுதினார். முதல் வகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துபோனது பிற்காலத்தவரின் குறையேயன்றி, அவ்வறிஞரின் குறையன்று.

பட்டினியிலிருந்து கொழுப்புணவுக்கு

1911ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் குவெல்பா, மரீ என்னும் இரு மருத்துவர்கள் இருபது நோயாளிகளுக்குப் பட்டினிச் சிகிச்சை அளித்து, அந்நாட்களில் வலிப்பின் கடுமை தணிந்ததாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஹியூ காங்க்ளின் என்பவர், குடலில் ஊறும் நஞ்சே வலிப்புக்குக் காரணம் என்று நம்பி, நோயாளிகளை வாரக்கணக்கில் நீர் மட்டும் அருந்தவைத்தார். அவருடைய கொள்கை பிழையானது. எனினும் பலருக்கு வலிப்பு நின்றது.

அவரிடம் குணம் கண்டவர்களுள் நியூயார்க் நகரின் செல்வந்த வழக்கறிஞர் சார்லஸ் ஹாலண்டின் மகனும் ஒருவன். அவ்வழக்கறிஞரின் உடன்பிறந்தார் ஜான் ஹாலண்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்தார். பட்டினிக்கு இவ்வாற்றல் எங்கிருந்து வந்தது என்று ஆராயுமாறு 1919இல் சார்லஸ் அவருக்கு 5,000 டாலர் வழங்கினார்.

ஆனால் வளரும் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? உணவைக் கொடுத்ததும் நோய் திரும்பிவிடுமே. இவ்வினாவுக்கு 1921இல் விடை கிடைத்தது. பட்டினியின்போது உடல் தன் கொழுப்பை எரிக்கிறது. அதனால் கீட்டோன்கள் என்னும் பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. மாவுப்பொருளை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுத்து உண்டாலும் அதே கீட்டோன்கள் தோன்றும் என்று சிக்காகோவின் ரோலின் உட்யாட் குறிப்பிட்டார். அப்படியாயின், பட்டினி கிடக்காமலே பட்டினியின் பயனை அடையலாமே என்று மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் அதே ஆண்டில் எடுத்துரைத்து, அவ்வுணவுக்குக் ‘கீட்டோஜெனிக்’ என்று பெயரிட்டார். 1925இல் அங்கிருந்த பீட்டர்மன் என்ற குழந்தை மருத்துவர் அளவுகளை வகுத்தார். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் புரதம் 1 கிராம், நாள் முழுவதற்கும் மாவுப்பொருள் 10 முதல் 15 கிராம், எஞ்சியதெல்லாம் கொழுப்பு.

இன்றும் வழங்கும் மூல முறையில், 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவும் சேர்ந்து 1 கிராம் என்பது கணக்கு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் மற்றவை 4 கலோரியும் தருவதால், உண்ணும் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொழுப்பிலிருந்தே வருகிறது. வழக்கமாகச் சர்க்கரையைக் கொண்டு இயங்கும் மூளை, கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்களைக் கொண்டு இயங்கப் பழகுகிறது. அதனால் வலிப்பு ஏன் அடங்குகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் பல காரணங்களைக் கூறுகின்றனர். முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை. ஆயினும் ஒரு வகை நோயில் காரணம் பட்டப்பகல்போல் தெளிவு. இரத்தத்திலுள்ள சர்க்கரையை மூளைக்குள் கடத்தும் புரதம் பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகள் உண்டு. 1991இல் டி விவோ என்ற மருத்துவரும் அவர்தம் துணைவர்களும் விவரித்த இக்குறைபாட்டில், கீட்டோன் உணவே முதல் மருந்து. சர்க்கரை நுழைய முடியாத வாசலின் பக்கத்தில் மற்றொரு வாசலை அல்லாஹ் திறந்தே வைத்திருக்கிறான்.

மறதியும் மீட்சியும்

1938இல் மெரிட், புட்னம் ஆகிய இருவர் ஃபெனிட்டாயின் என்ற மருந்தைக் கண்டறிந்தனர். அதைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் வந்தன. மாத்திரையை விழுங்குவது எளிது. ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துக் கொடுப்பது அரிது. ஆதலால் உணவுமுறை மெல்ல மறக்கப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சாமுவேல் லிவிங்ஸ்டன் போன்ற சிலர் மட்டும் அதைக் கைவிடாது காத்தனர். 1971இல் பீட்டர் ஹட்டன்லாக்கர், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எனப்படும் ஒருவகை எண்ணெயைக் கொண்டு இவ்வுணவைச் சற்று இலகுவாக்கினார். தேங்காய் எண்ணெயிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்படும். எனினும் தேங்காய் எண்ணெயே அதுவன்று என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

1993இல் ஹாலிவுட் இயக்குநர் ஜிம் ஆப்ரகாம்ஸின் கைக்குழந்தை சார்லிக்கு வலிப்பு வந்தது. பல மருந்துகளும் ஓர் அறுவைச் சிகிச்சையும் பயன் தரவில்லை. தந்தை நூலகத்தில் தாமே தேடிப் படித்து இவ்வுணவுமுறையைக் கண்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டாக்டர் ஜான் ஃபிரீமனும், உணவியல் வல்லுநர் மில்லிசென்ட் கெல்லி அம்மையாரும் குழந்தையை ஏற்றனர்; வலிப்பு நின்றது. இப்படியொரு சிகிச்சை இருப்பதை ஏன் எவரும் தமக்குச் சொல்லவில்லை என்று கேட்ட அத்தந்தை, 1994இல் மகன் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். மறந்திருந்த மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

தனியொரு குழந்தையின் நலம் சான்றாகிவிடாது அல்லவா? 2008இல் லண்டன் மருத்துவர்கள் 145 குழந்தைகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு வெளிவந்தது. மூன்று மாதங்களில், உணவுமுறைக்கெனத் தெரிவு செய்யப்பட்டவர்களுள் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களுள் அவ்வாறு குறைந்தது நூற்றுக்கு 6 பேருக்கே. இவர்கள் எல்லாரும் மருந்துக்கு அடங்காத நோயுடையவர்கள் என்பதை நினைவிற்கொண்டால் இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

நம் நாட்டில், நம் அடுக்களையில்

இந்தியாவில் இம்முறைக்கு வழிகாட்டியவர்களுள் மும்பையின் டாக்டர் ஜனக் நாதன் குறிப்பிடத்தக்கவர். இந்தியக் குழந்தைகளிடம் தாமும் தம் குழுவினரும் கண்ட பயனை 2009இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் அவர் வெளியிட்டார். டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், அட்கின்ஸ் முறையின் ஒரு திருத்தத்தை 102 குழந்தைகளிடம் சோதித்தனர். கொழுப்பைத் தாராளமாகவும் மாவுப்பொருளை மிகக் குறைவாகவும் கொடுக்கும் இம்முறையில், ஒவ்வொன்றையும் நிறுக்கும் கட்டாயம் குறைவு. 2013இல் வெளிவந்த முடிவின்படி, உணவை மாற்றிய பிரிவில் நூற்றுக்கு 52 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. மாற்றாத பிரிவில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கும் குறைவு. ஏழை நாட்டில், எழுத்தறிவு குறைந்த தாயும் கையாளக்கூடிய முறை எது என்ற தேடல் இவ்வாய்வுகளின் உட்கிடையாக இருப்பதைக் காண்கிறோம்.

நாம் வாழும் சோழவரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரி நீரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, வயலும் ஆலையுமாகப் பிழைக்கும் ஊர் இது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு முறைவேலைக்குச் செல்வோர் பலர். காலையில் இட்டிலி, நண்பகலில் சோறு, இரவில் மீண்டும் சோறு என்பதே இங்கு உணவு. சமைத்த சோறு 100 கிராமில் மாவுப்பொருள் ஏறத்தாழ 28 கிராம். ஆகவே ஒரு கைப்பிடிச் சோற்றிலேயே அக்குழந்தையின் ஒரு நாள் பங்கு தீர்ந்துவிடும். பெரிய ரகப் பேரீச்சம்பழம் ஒன்றைத் தின்றாலும் அதே கதிதான். பாட்டி அன்போடு நீட்டும் ஒரு மிட்டாயும், சர்க்கரை கலந்த இருமல் பாகும்கூடப் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

அதற்காக நம் அடுக்களை கைவிரிக்க வேண்டியதில்லை. நெய், வெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, பழவேற்காட்டு மீன், இறைச்சி, கீரை ஆகிய எல்லாம் நம்மிடம் உள்ளன. மேனாட்டு உணவுப் பட்டியல்களில் பன்றி இறைச்சி காணப்படுவதால் இது நமக்கு ஆகாது என்று விலகுவதும் வேண்டா. அதனிடத்தில் ஹலாலான கொழுப்பு எதுவும் பொருந்தும். தேவையானவை ஒரு சிறு மின்தராசும், நரம்பியல் மருத்துவரும், கணக்கிட்டுத் தரும் உணவியல் வல்லுநருமே.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இது வைத்தியமேயன்றி வீட்டுப் பக்குவமன்று. நோய்க்கேற்ற இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு அடங்காத குழந்தைகளுக்கே பெரும்பாலும் இது பரிந்துரைக்கப்படுகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை உரிய சிகிச்சையால் வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகையால் மாத்திரையே முதல் வழி. கொழுப்பைச் செரித்து எரிக்க இயலாத சில பிறவிக் குறைபாடுகளில் இவ்வுணவு உயிருக்கே தீங்காகும். தொடங்குமுன் இரத்தச் சோதனை கட்டாயம். மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு ஆகியவை நேரலாம். வைட்டமினும் சுண்ணாம்புச் சத்தும் தனியே கொடுக்க வேண்டும். மூன்று மாதங்களில் பயன் தெரியாவிடின் நிறுத்துவர். பயன் தெரிந்தால் பொதுவாக இரண்டாண்டுகள் தொடர்ந்து மெல்லக் குறைப்பர்.

பட்டினியில் வலிப்பு அடங்கும் என்று படித்துவிட்டு, நோயுற்ற பிள்ளையை ரமலான் நோன்பு நோற்க வைப்போரும் இருக்கக்கூடும். நோன்பும் இவ்வுணவும் ஒன்றல்ல. கஞ்சியும் பேரீச்சம்பழமும் கொண்டு நோன்பு துறக்கையில் கீட்டோன் நிலை குலைந்துவிடும். மருந்து வேளை தவறினால் வலிப்பு மிகும். பருவமெய்தாத பிள்ளைக்கு நோன்பு கடமையும் அன்று. நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான்.

பொறுமை யாருடையது?

இனி, நம் நெஞ்சை நெடுநாள் உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற ஒரு ஹதீஸ் நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. வலிப்புற்ற ஒரு பெண்மணி அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்காக துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய இறைஞ்சுகிறேன் என்று பெருமானார் இரண்டையும் அவர்முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். பெருமானாரும் அவ்வாறே செய்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதாஉ (ரஹ்) அவர்களிடம், சுவனத்துப் பெண்ணைக் காட்டவா என்று கேட்டு அந்த அம்மையாரைக் காட்டினார்கள்.

இந்த ஹதீஸைக் காட்டி, வலிப்புள்ள பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுசெல்லாத பெற்றோருக்கு ‘ஸப்ர் செய்யுங்கள்’ என்று ஆறுதல் கூறுவோர் உளர். நாம் அவர்களிடம் பணிவோடு கேட்கிறோம்: அன்று பொறுமையைத் தேர்ந்தவர் யார்? நோயைச் சுமந்த அப்பெண்மணியே. அறிவும் பருவமும் வாய்ந்த அவர், தம் உடலைக் குறித்துத் தாமே முடிவெடுத்தார். அதுவும் குணமடையும் வழி ஒன்று தம்முன் வைக்கப்பட்ட பின்னரே எடுத்தார். நான்கு வயதுக் குழந்தை எதைத் தேர்ந்தது? அதனிடம் எவர் கேட்டார்? பிறர் வலியின்மேல் நாம் கொள்ளும் பொறுமைக்குப் பெயர் ஸப்ரன்று. பாதுகாவலர் தம் பொறுப்பிலுள்ள சிறுவரின் நலத்துக்கானதையே செய்ய வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் பொது விதி. மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழியும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்ற கட்டளையும் ஹதீஸ் நூல்களின் செல்வங்கள் அல்லவா?

மருந்தைப் புறக்கணித்த பக்தி எங்கே கொண்டுவிடும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நாம் கண்டோம். ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். மாண்டோர் 28 பேர். அவர்கள் மனநோயாளர், வலிப்பு வேறு நோய். ஆயினும் இரண்டையும் ஒரே பேயின் கணக்கில் எழுதி, ஒரே சங்கிலியால் கட்டிய மனப்போக்கு ஒன்றுதான். பின்னாளில் அதே ஏர்வாடியில் ‘தவா–துஆ’ என்ற பெயரில், வழிபாட்டோடு மருத்துவத்தையும் சேர்த்து வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. துஆவைக் கைவிடச் சொல்லாமல் தவாவை அதன் அருகில் வைத்த அப்பெயரே ஒரு நல்ல பாடம்.

வெளியே சொன்னால் பெண்ணுக்குத் திருமணம் ஆகாது என்ற அச்சமும் நோயை மறைக்கத் தூண்டுகிறது. நாட்டின் சட்டமே நெடுங்காலம் அவ்வச்சத்துக்குத் துணைநின்றது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. 1999இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, நம் வீடுகள் இன்னும் திருந்தவில்லை.

ஆகவே நம் பள்ளிவாசல்களின் இமாம்களையும், மக்தப் ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறோம். பிள்ளைக்கு ஓத வேண்டி வரும் தாயைத் திருப்பி அனுப்ப வேண்டா. ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். பிறகு, எந்த மருத்துவரிடம் காட்டினாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். சோழவரத்திலிருந்து எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை எட்டாத தொலைவன்று. வலிப்பு வரும் வேளையில் சாவியைத் தேடாமல் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், வாயில் எதையும் திணிக்காதிருக்கவும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு விரையவும் கற்றுக்கொடுங்கள். மருந்துகள் தோற்றால் உணவாலும் ஒரு வழி உண்டு என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஸப்ர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இவ்வுணவுமுறையைக் கையாளும் தாயின் கையில் இருக்கிறது என்போம். விடியலில் எழுந்து நெய்யையும் முட்டையையும் கிராம் கணக்கில் நிறுத்து, பக்கத்து வீட்டுப் பிரியாணியின் மணத்துக்கு அழும் பிள்ளையை அணைத்து, ஒரு பருக்கை மிகாமலும் குறையாமலும் இரண்டாண்டுகள் ஊட்டுவது எளிய காரியமா? கையைக் கட்டிக்கொண்டிருப்பதையே பொறுமை என்று நினைத்தவர்கள், அந்தத் தராசின் முன் ஒருநாள் நின்று பார்க்கட்டும். நோயைப் படைத்தவனே அதன் மருந்தையும் படைத்திருக்கிறான். தேடும் கடமையை நமக்கு இலகுவாக்கி, நம் பிள்ளைகள் அனைவருக்கும் அவன் பூரண சுகத்தை அருள்வானாக. ஆமீன்.